கணவருக்கு இயலாமைத் தொகை, மனைவிக்கு என்ன? அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விடுபடல்

அமெரிக்காவில் லாரி ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு 50 வயதில் பக்கவாதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறுகிறது. இனி அவரால் வேலைக்குப் போக முடியாது என்பதை அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஏற்றுக்கொண்டு மாதந்தோறும் பணம் அனுப்புகிறது. மனைவிக்கு 48 வயது. கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். கணவரைத் தூக்கி உட்கார வைக்கவும், குளிப்பாட்டவும், வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கவும் ஆள் வேண்டியிருப்பதால் வேலையை விட்டுவிட்டார். இந்த மனைவிக்கு அரசு ஏதாவது தருமா?

அந்த வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையோ, இயலாமையுள்ள பிள்ளையோ மனைவியின் பராமரிப்பில் இருந்தால் தரும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அல்லது பிள்ளையே இல்லை என்றால், மனைவிக்கு 62 வயது ஆகும்வரை ஒரு டாலர்கூடத் தராது. கணவருக்கு அவர் இரவும் பகலும் செய்யும் பணிவிடை எந்தக் கணக்கிலும் ஏறாது. இயலாமையால் ஒரு குடும்பத்தில் உடனடியாக உண்டாகும் புதிய வேலை நோயாளியைப் பார்த்துக்கொள்வதுதான். இயலாமைக்காகவே வகுத்த காப்பீட்டில் அந்த வேலைக்கு இடமில்லாமல் போனது எப்படி என்பதைச் சட்டம் வளர்ந்த வழியில் போய்த்தான் புரிந்துகொள்ள முடியும்.

1935-இல் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் உழைத்தவருக்கு முதுமையில் ஓய்வூதியம் தர ஏற்பாடு செய்தது. மனைவிக்கென்று மாதத் தொகை எதுவும் அதில் இல்லை. பொருளாதார அறிஞர் ஜே. டக்ளஸ் பிரவுன் தலைமையிலான ஆலோசனைக் குழு 1938-இல் அந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது. மறு ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. 65 வயது நிரம்பிய மனைவிக்குக் கணவரின் தொகையில் பாதி என்ற கணக்கு அப்போது பிறந்ததுதான். பாதி என்ற அந்த அளவு இன்றும் நிற்கிறது. கணவர் சம்பாதிப்பார், மனைவி வீட்டைப் பார்ப்பார், வயதான பின் இருவரும் ஒரே ஓய்வூதியத்தில் காலம் தள்ள வேண்டும் என்ற குடும்பச் சித்திரம் அதன் பின்னால் இருந்தது. 1950-இல் வந்த திருத்தம், ஓய்வுபெற்றவரின் மனைவி இளவயதினராக இருந்தாலும் சின்னப் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தால் அவருக்கும் பங்கு உண்டு என்றது. ஆக, மனைவி பணம் பெறச் சட்டம் ஏற்றுக்கொண்ட காரணங்கள் இரண்டு: முதுமை, பிள்ளை வளர்ப்பு.

இயலாமைக் காப்பீடு வந்தது 1956-இல். எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்க மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. செனட் சபையில் 47-க்கு 45 என்ற வாக்கில்தான் தப்பிப் பிழைத்தது. ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்டபோது அது 50 முதல் 64 வயது வரையிலான தொழிலாளர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. குடும்பத்தாருக்கு எதுவும் இல்லை. 1958-இல் மனைவி மக்களைச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்தபோது, ஓய்வூதியத்துக்கென்று வகுத்திருந்த அதே இரண்டு காரணங்களை எடுத்து இதிலும் ஒட்டிவிட்டார்கள்.

அன்றைய நிலையில் அதில் பெரிய பிசகு தெரிந்திருக்காது. பணம் பெற்றவர்கள் எல்லாரும் 50 வயதைக் கடந்தவர்கள். அவர்களுடைய மனைவியரும் ஏறக்குறைய முதுமையின் வாசலில் நின்றவர்கள். ஆனால் 1960-இல் 50 வயது என்ற கீழ்வரம்பை நீக்கினார்கள். 30 வயதில் முதுகெலும்பு முறிந்தவருக்கும் 35 வயதில் சிறுநீரகம் செயலிழந்தவருக்கும் தொகை கிடைக்க வழி பிறந்தது. அது நல்ல மாற்றம். அந்த இளைஞரின் மனைவிக்கு மட்டும் முதுமைக்கு எழுதிய பழைய விதியே நீடித்தது. என் கணிப்பில் சட்டம் தவறிய இடம் 1958 அல்ல, 1960.

இதற்கிடையில் கணவன்மாரின் கதை ஒன்று உண்டு. மனைவி உழைத்து, கணவர் அவருடைய கணக்கில் பணம் கேட்டால், தம் பிழைப்பில் குறைந்தது பாதிக்காவது மனைவியின் சம்பாத்தியத்தையே நம்பியிருந்ததாக அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. மனைவி கேட்டால் அந்த நிபந்தனை கிடையாது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஏறக்குறைய 25 ஆண்டுகள் செயலாளராகப் பணிபுரிந்து இறந்த ஹன்னா கோல்ட்ஃபார்பின் கணவர் லியான் கோல்ட்ஃபார்ப் இதை எதிர்த்து வழக்காடினார். அவருக்காக வாதாடியவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1977 மார்ச்சில் 5-க்கு 4 என்ற தீர்ப்பில் அந்த நிபந்தனை செல்லாது என்றாயிற்று. ஒரு பெண் கட்டிய காப்பீட்டுப் பணம் ஆண் கட்டியதைவிட அவளுடைய குடும்பத்துக்குக் குறைந்த பாதுகாப்பைத் தருவது எப்படிச் சரி என்பதே வழக்கின் உயிர்நாடி. இன்று இந்த விதிகள் மனைவி, கணவர் இருவருக்கும் ஒன்றே. 2015-க்குப் பின் நாடெங்கும் ஒருபால் தம்பதிக்கும் அவையே.

இனி இன்றைய விதி. இயலாமைத் தொகை பெறுபவரின் ஊதியத்தை வைத்துக் கணக்கிடும் அடிப்படைத் தொகையில் அதிகபட்சம் பாதி துணைவருக்கு உண்டு. பொதுவாகத் திருமணமாகி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். பிள்ளையை வளர்ப்பதால் பெறுபவருக்கு வயது காரணமாகக் குறைப்பு எதுவும் இல்லை. வயதின் பேரில் கேட்பவர், முழு ஓய்வு வயதான 67 வரை பொறுத்தால் முழுப் பாதி. 62-இலேயே கேட்டால் அடிப்படைத் தொகையில் 32.5 சதவீதம்தான், அதுவும் ஆயுள் முழுவதும். 67-ஐத் தாண்டிக் காத்திருந்தால் துணைவர் தொகை ஏறாது. சொந்த ஓய்வூதியத்தை 70 வயது வரை தள்ளிப்போட்டால் கூடும். துணைவர் தொகை அப்படியல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு காத்திருந்து பணத்தை இழப்பவர்கள் உண்டு.

துணைவருக்குச் சொந்த உழைப்பின் பேரிலும் ஓய்வூதியம் இருந்தால், முதலில் அதைத்தான் தருவார்கள். அது பாதியைவிடக் குறைவாக இருந்தால் மிச்சத்தை மட்டும் மேலே போட்டுத் தருவார்கள். இரண்டையும் முழுதாகச் சேர்த்து வாங்க முடியாது. துணைவர் வேலைக்குப் போய்க்கொண்டே வாங்கினால் சம்பள வரம்பு ஒன்று குறுக்கிடும். முழு ஓய்வு வயதை எட்டும் ஆண்டுக்கு முன்பு வரை, 2025-இன் வரம்பு 23,400 டாலர். அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் ஒரு டாலர் கழியும்.

பாதி என்று சட்டம் சொன்னாலும் எல்லாருடைய கைக்கும் பாதி வருவதில்லை. குடும்ப உச்சவரம்பு என்ற ஒன்று நடுவே நிற்கிறது. ஓய்வுபெற்றவரின் குடும்பத்துக்கு அந்த வரம்பு, அடிப்படைத் தொகையின் 150 முதல் ஏறக்குறைய 188 சதவீதம் வரை போகும். இயலாமைத் தொகை பெறுபவரின் குடும்பத்துக்கு 1980-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட திருத்தம் அதைவிட இறுக்கமான வரம்பைப் போட்டது. சீர்செய்த சராசரி மாத ஊதியத்தில் 85 சதவீதம், அடிப்படைத் தொகையில் 150 சதவீதம், இவ்விரண்டில் எது குறைவோ அதுதான் குடும்பம் முழுவதற்கும். அந்த அளவு தொழிலாளியின் தொகையைவிடக் குறைந்துபோனால் அவருடைய தொகை மட்டும் அப்படியே கிடைக்கும். சில குடும்பங்களுக்கு வேலை பார்த்த காலத்து வருமானத்தைவிட அதிகம் வருகிறது, அதனால் மீண்டும் வேலைக்குப் போகும் எண்ணம் அற்றுப்போகிறது என்பது அன்று சொன்ன காரணம்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விளங்காது. 2024-இல் தகுதி பெற்றவருக்கு அடிப்படைத் தொகை இப்படி அமையும்: சராசரி மாத ஊதியத்தின் முதல் 1,174 டாலரில் 90 சதவீதம், அதற்கு மேல் 7,078 டாலர் வரை 32 சதவீதம், அதையும் தாண்டியதில் 15 சதவீதம். சராசரி 4,000 டாலர் உள்ளவருக்கு அடிப்படைத் தொகை சுமார் 1,960 டாலர். அதில் 150 சதவீதம் சுமார் 2,941. சராசரி ஊதியத்தில் 85 சதவீதம் 3,400. குறைவானது 2,941. எனவே மனைவிக்கு முழுப் பாதியான சுமார் 980 டாலர் ஒதுங்குகிறது.

சராசரி 1,500 டாலர் உள்ள ஏழைத் தொழிலாளியைப் பாருங்கள். அவருடைய அடிப்படைத் தொகை சுமார் 1,160. பாதி என்றால் 580 வர வேண்டும். ஆனால் 1,500-இல் 85 சதவீதம் 1,275 மட்டுமே. தொழிலாளியின் தொகை போக மனைவி மக்கள் அனைவருக்கும் சேர்த்து மிஞ்சுவது ஏறக்குறைய 114 டாலர். இன்னும் கீழே, சராசரி 1,000 டாலர் உள்ளவருக்கு அடிப்படைத் தொகை 900. ஊதியத்தில் 85 சதவீதமோ 850. மனைவிக்கு மிச்சம் எதுவும் இல்லை. இதே விகிதங்களை வைத்துப் பார்த்தால், சராசரி ஊதியம் ஏறக்குறைய 1,285 டாலருக்குக் கீழே இருப்பவரின் குடும்பத்துக்கு ஒன்றுமே கிடைக்காது. 2,760 டாலர் அளவை எட்டிய பிறகுதான் முழுப் பாதிக்கு இடம் வரும். கூலி எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குக் குடும்பப் பங்கு சுருங்குகிறது. அடிப்படைத் தொகையைக் கணக்கிடும்போது ஏழைக்கு 90 சதவீதம் என்று தாராளம் காட்டும் அதே சட்டம், அந்தத் தாராளத்தையே காரணமாக்கி அவருடைய மனைவியின் பங்கைப் பறித்துவிடுகிறது. 1980 முதல் திருத்தாமல் வைத்திருக்கும் இந்த அநீதி அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பெருமை சேர்ப்பதல்ல.

உச்சவரம்புக்குள் பிள்ளைகளும் பங்காளிகள். 18 வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளை ஏற்கெனவே பாதியை வாங்கிக்கொண்டிருந்தால், தாய் விண்ணப்பித்ததும் அந்தப் பாதி இரண்டாகப் பிரியுமே தவிர வீட்டுக்கு வரும் மொத்தம் கூடாது. பிள்ளைக்கு 16 ஆனதும் தாயின் பங்கு நின்றுவிடும். முன்பு இது 18 வயது வரை இருந்தது. ரொனால்ட் ரீகன் காலத்தில் 1981-ஆம் ஆண்டுச் செலவுக் குறைப்புச் சட்டம் இரண்டு ஆண்டுகளை வெட்டிவிட்டது. பிள்ளையின் பங்கு 18 வரை, பள்ளியில் முழுநேரம் படித்துக்கொண்டிருந்தால் 19 வரை தொடரும்.

விவாகரத்தானவருக்கு வேறு கணக்கு. மணவாழ்க்கை 10 ஆண்டு நீடித்திருந்து, மறுமணம் செய்யாமல், 62 வயதை எட்டியிருந்தால் முன்னாள் துணைவரின் கணக்கில் கேட்கலாம். 1965-இல் இந்த உரிமை வந்தபோது 20 ஆண்டு என்றிருந்தது. 1977-இல்தான் பாதியாகக் குறைத்தார்கள். விவாகரத்தானவர் வாங்கும் தொகை குடும்ப உச்சவரம்பில் சேராது. இப்போதைய மனைவி மக்களின் பங்கு அதனால் குறையாது. இதைத் தெரியாமல், கேட்டால் அந்தப் பக்கத்துக் குடும்பத்தின் வயிற்றில் அடித்ததாகும் என்று தயங்குபவர்களுக்கு இது முக்கியமான செய்தி. ஆனால் உயிரோடு இருப்பவரின் பிள்ளையை வளர்க்கும் இளவயது முன்னாள் மனைவிக்குத் தனக்கென்று எதுவும் இல்லை. பிள்ளைக்கு மட்டும் உண்டு.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். எஸ்.எஸ்.டி.ஐ. என்பது இதுவரை நாம் பேசிய இயலாமைக் காப்பீடு; உழைத்தபோது சம்பளத்தில் பிடித்த வரியிலிருந்து வருவது. எஸ்.எஸ்.ஐ. என்பது வறிய முதியோருக்கும் இயலாமையுள்ளோருக்கும் 1974 முதல் தரப்படும் உதவி. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள். எஸ்.எஸ்.ஐ.யில் துணைவர் பங்கு என்ற பேச்சே கிடையாது. மாறாக, துணைவரின் வருமானத்தைக் கணக்கில் சேர்த்து நோயாளியின் தொகையைக் குறைப்பார்கள். 2025-இல் தனியாளுக்கு உச்சத்தொகை 967 டாலர். தம்பதி இருவரும் தகுதியானவர்கள் என்றால் 1,450. தனித்தனியே இருந்தால் 1,934 கிடைத்திருக்கும். சேமிப்பு வரம்பு தனியாளுக்கு 2,000, தம்பதிக்கு 3,000 டாலர் என்று 1989-இல் வைத்தது இன்றும் நகரவில்லை.

மறுபடியும் அந்த 48 வயது மனைவியிடம் வருகிறேன், ஏனென்றால் அவருக்கு நேரும் இழப்பு துணைவர் தொகை கிடைக்காததோடு முடிவதில்லை. ஒருவர் இயலாமைக் காப்பீட்டுக்குத் தகுதி பெற, 31 வயதைக் கடந்தவரானால், கடைசி 40 காலாண்டுகளில் 20 காலாண்டுகளுக்கான உழைப்பைக் காட்ட வேண்டும். அதாவது கடைசிப் பத்தாண்டில் ஐந்தாண்டு. கணவரைப் பார்க்க வேலையை விட்டவருக்கு ஏறக்குறைய ஐந்தாண்டில் இந்தத் தகுதி காலாவதியாகிறது. அதன்பிறகு, கணவரைத் தூக்கித் தூக்கியே அவருடைய முதுகு ஒடிந்தாலும் தம் கணக்கில் அவர் இயலாமைத் தொகை கேட்க முடியாது. ஓய்வூதியமும் தேயும்: அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் சராசரியை வைத்து அது கணக்கிடப்படுகிறது, 35 நிரம்பாவிட்டால் வெற்று ஆண்டுகள் பூஜ்யமாக உள்ளே வரும். கணவருக்கு இரண்டாண்டுக் காத்திருப்புக்குப் பின் மெடிகேர் மருத்துவக் காப்பீடு கிடைக்கும். மனைவிக்குத் துணைவர் என்ற முறையில் 65 வயதுக்கு முன் அதுவும் இல்லை. இயலாமை அந்த வீட்டில் ஒருவரை நேரடியாக வீழ்த்தியது. இன்னொருவரைக் காப்பீட்டிலிருந்தே மெல்ல வெளியே தள்ளுகிறது.

பராமரிப்புக்குப் பணம் தருவதென்றால் அளப்பது எப்படி, ஏமாற்றுவதைத் தடுப்பது எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதே அமெரிக்க அரசின் இன்னொரு துறை அதற்கு விடை கண்டிருக்கிறது. 2010-இல் இயற்றிய சட்டத்தின்படி, படுகாயமுற்ற முன்னாள் படைவீரரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு முன்னாள் படைவீரர் துறை மாத உதவித்தொகை தருகிறது. மருத்துவக் காப்பீடும் பயிற்சியும் இடையிடையே ஓய்வெடுக்க மாற்று ஏற்பாடும் உண்டு. முதலில் 2001 செப்டம்பர் 11-க்குப் பின் காயமுற்றவர்களுக்கென்று தொடங்கியதை, 2018-இல் வந்த சட்டம் முந்தைய போர்களின் வீரர்களுக்கும் விரித்தது. வீரரின் மனைவி செய்யும் அதே வேலையைத்தான் லாரி ஓட்டுநரின் மனைவியும் செய்கிறார்.

பிரிட்டன் இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சந்தித்தது. நோயாளியைப் பார்ப்பதற்காக வேலையை விட்டவருக்கான படி ஒன்றை 1976-இல் அங்கே கொண்டுவந்தார்கள். திருமணமான பெண்ணுக்கு மட்டும் அது கிடையாது. எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்ற எண்ணம். தம் தாயைப் பார்க்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் அதை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். 1986 ஜூனில் அவர் வென்றார். இந்தியாவிலும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மிகுந்த உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி தருவதைப் பற்றிப் பேசுகிறது. அமெரிக்காவிலோ, பராமரிப்பு ஆண்டுகளை ஓய்வூதியக் கணக்கில் பூஜ்யமாக்காமல் வரவு வைக்கும் மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் நீட்டா லோவி, கிறிஸ் மர்ஃபி போன்றோரால் பலமுறை முன்வைக்கப்பட்டும் சட்டமாகவில்லை.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு இதில் சில தனிச் சிக்கல்கள் உண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், சென்னையில் உழைத்துப் பி.எஃப். கட்டிய ஆண்டுகள் அங்கே தகுதிக் கணக்கில் சேரா. எச்1பி விசாவில் போய் மூன்றாண்டு வரி கட்டிய 40 வயதுக்காரர் நோயில் விழுந்தால், அவருக்கே தொகை இல்லை. மனைவிக்குப் பங்கு எங்கிருந்து வரும்? தகுதி இருந்து, குடும்பத்தோடு ஊர் திரும்ப நினைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் தொகை நின்றுபோகக்கூடும். துணைவரின் பங்கு தொடர வேண்டுமானால், துணைவராக ஐந்தாண்டு அமெரிக்காவில் வாழ்ந்ததையும் காட்ட வேண்டியிருக்கும். பெட்டி கட்டுவதற்கு முன் எழுத்தில் விளக்கம் வாங்கிக்கொள்வது நல்லது. துணைவர் பங்கு கேட்கத் தேவைப்படும் திருமணச் சான்றும் அப்படித்தான். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவுசெய்வது கட்டாயமானது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதற்கு முன் கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டிப் பதிவுசெய்யாமல் விட்டவர்கள், நோய் வந்த பிறகு ஆவணத்துக்கு அலையாமல் முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.

கணவருக்கு இயலாமைத் தொகை அனுமதியாகிவிட்டது என்பதாலேயே மனைவிக்குப் பணம் தானாக வந்து சேராது. அவர் பெயரில் தனி விண்ணப்பம் வேண்டும். மனைவிக்கு இயலாமைத் தொகை வருகிறது, கணவர் 62-ஐத் தாண்டியவர் என்றாலும் இதேதான். கணவரின் மனுவைக் கொடுக்கும் அன்றே, துணைவரும் பிள்ளைகளும் இருப்பதைச் சொல்லி அவர்களுடைய உரிமையையும் பதிவுசெய்யச் சொல்லுங்கள். தகுதி இல்லை என்றால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். ஏற்கெனவே தவறவிட்டவர்கள் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். இயலாமைத் தொகை பெறுபவரின் துணைவருக்கு விண்ணப்பித்த மாதத்திலிருந்து பின்னோக்கி அதிகபட்சம் 12 மாதங்களுக்குத்தான் நிலுவை தருவார்கள். அதற்கு முந்தைய மாதங்களின் பணம் போனது போனதுதான்.